மென்பொருளின் வளர்ச்சியை அளப்பது எவ்வாறு?

புத்தகக் கடைக்குச் செல்லும் ஒருவர் தாம் வாங்க எண்ணும் நூலைக் கையிலெடுத்து, அது எத்தனையாம் பதிப்பு என்று பார்ப்பதுண்டு. பல பதிப்புக்களைக் கண்ட நூல் பலராலும் விரும்பப்பட்ட நூல் என்று கொள்வது நம் வழக்கம். கணினியை இயக்கும் மென்பொருள்களுக்கும் இவ்வாறே பதிப்பெண்கள் உண்டு. நம் கையிலுள்ள தொலைபேசியே, ஏதோ ஒரு நிரலுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. இதனால், அடிக்கடி புதுப் பதிப்பு வெளிவரும் மென்பொருள் உயிருள்ளது, வெளிவராதது கைவிடப்பட்டது என்னும் எண்ணம் பலர் உள்ளத்திலும் வேரூன்றிவிட்டது. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு இரண்டு கருவிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் பெயர் டெக். மற்றதன் பெயர் ரஸ்ட். டெக் என்பது நூல்களை, சிறப்பாகக் கணிதக் குறியீடுகள் மலிந்த நூல்களை, அச்சுக்கு ஒழுங்கு செய்யும் நிரல். ரஸ்ட் என்பது நிரல்களை எழுதுவதற்கென ஆக்கப்பட்ட ஒரு மொழி. அம்மொழியில் எழுதியதைக் கணினி ஏற்கும் கட்டளைகளாக மாற்றித்தரும் மொழிமாற்றியும் அதே பெயரால் வழங்குகிறது. இவ்விரண்டுக்கும் உறவேதுமில்லை. ஆக்கியோர் வேறு, காலம் வேறு, பயன் வேறு. ஆயினும் இவற்றை அருகருகே வைத்து நோக்கும்போது, தனித்தனியே பார்க்கையில் தென்படாத ஓர் உண்மை புலனாகிறது.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். ரஸ்டின் முதலாவது முழுமைப் பதிப்பாகிய 1.0, 2015ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி வெளிவந்தது. 1.85 என்னும் பதிப்பு 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 20ஆந் திகதி வெளிவந்தது. இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்டவை 3,569 நாட்கள். இடையிடையே வந்த சிறு திருத்தங்களை நீக்கிப் பார்த்தால், இக்காலத்தில் வெளிவந்த புதிய பதிப்புக்கள் 85. ஆறு கிழமைக்கு ஒரு பதிப்பு என்பது ரஸ்டின் விதி. ஆறு கிழமை என்பது 42 நாள்; 42ஐ 85ஆற் பெருக்கினால் வருவது 3,570. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்தில் வேறுபாடு ஒரே ஒரு நாள்! அந்த ஒரு நாளும், முதற் பதிப்பு வெள்ளிக்கிழமையிலும் 85ஆவது பதிப்பு வியாழக்கிழமையிலும் வெளிவந்தமையால் நேர்ந்த வேறுபாடே.

இதே காலத்தில் டெக்கின் புதிய பதிப்புக்கள் எத்தனை வெளிவந்தன? ஒன்றே ஒன்று. அது வெளிவந்த ஆண்டு 2021.

எண்பத்தைந்துக்கு ஒன்று என்னும் இக்கணக்கை மட்டும் கேட்பவர், ரஸ்ட் ஓடுகிறது, டெக் படுத்துவிட்டது என்று தீர்ப்புக் கூறிவிடுவார். அத்தீர்ப்புச் சரியா என்பதை அறிய, இரண்டின் வரலாற்றையும் சிறிது விரித்துக் காணல் வேண்டும்.

டெக்கை ஆக்கியவர் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனல்ட் கனூத். கணினி நிரலாக்கக் கலையைப் பற்றி அவர் எழுதிவந்த பெருநூலின் முதலாம் தொகுதி 1968இல் வெளிவந்தது. அக்காலத்தில் அது ஈய அச்செழுத்துக்களாற் கோக்கப்பட்டு அச்சேறியது. பின்னர் அச்சுத் தொழில் ஒளிப்பட முறைக்கு மாறிற்று. இரண்டாம் தொகுதியின் புதுப் பதிப்புக்கான சரவைப் பிரதிகள் 1977இல் அவர் கைக்கு வந்தபோது, எழுத்துக்களின் வடிவும் இடைவெளியும் முன்னைய அழகை முற்றாக இழந்திருந்தன. மற்றொருவராயின் பதிப்பகத்தாருக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதி அமைந்திருப்பார். கனூத்தோ, பக்கங்களைச் செம்மையாக ஒழுங்கு செய்யும் நிரலைத் தாமே எழுதத் தொடங்கினார். ஓராண்டு விடுமுறைக்குள் முடிந்துவிடும் என்று கருதிய பணி, ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கியது. முதலில் எழுதியதை விட்டுவிட்டு, 1982இல் முழுவதையும் புதிதாக எழுதினார். 1986இல் அந்நிரலின் ஒவ்வொரு வரியையும் விளக்கத்துடன் ஒரு நூலாகவே அச்சிட்டு, உலகோர் பார்வைக்கு வைத்தார்.

நிரலிற் பிழை காண்பவருக்குப் பரிசு தருவதாகவும் அவர் அறிவித்தார். அப்பரிசு 2 டொலர் 56 சதத்திற் தொடங்கி, ஆண்டுதோறும் இருமடங்காகிப் பின்னர் 327 டொலர் 68 சதத்தில் நிலைநிறுத்தப்பட்டது. பிழை குறைந்துகொண்டு போகப் பரிசு பெருகியது என்றால், ஆக்கியோனுக்குத் தன் ஆக்கத்தில் இருந்த நம்பிக்கையை நாம் உணரலாம்.

1989ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பயனர்கள் ஒரு குறையை அவரிடம் எடுத்துரைத்தனர். 128 குறியீடுகளை மட்டும் உள்ளீடாக ஏற்கும் ஏற்பாடு ஆங்கிலத்துக்குப் போதுமாயினும், ஒலிக்குறி ஏறிய எழுத்துக்களையுடைய மொழிகளுக்குப் போதவில்லை என்பதே அது. அவ்வேண்டுகோளின் நியாயத்தை ஏற்று, 256 குறியீடுகளை ஏற்கும் 3.0 என்னும் பதிப்பை 1990இல் வெளியிட்டார். அத்துடன் ஒரு முடிவையும் அறிவித்தார். இனி டெக்கிற் புதிய வசதி எதுவும் சேர்க்கப்படமாட்டாது. பிழை காணப்பட்டாற் திருத்தப்படும், அவ்வளவே.

இம்முடிவைப் பதிப்பெண்ணிலேயே அவர் பொறித்து வைத்த முறை விந்தையானது. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தாற் பிரித்தால் வரும் எண்ணைப் பை என்கிறோம். அது 3.14159 என்று தொடங்கி முடிவின்றிச் செல்வது. டெக்கின் ஒவ்வொரு திருத்தப் பதிப்பும் அவ்வெண்ணில் ஓர் இலக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது. 3.1, 3.14, 3.141 என்று தொடங்கிய இவ்வரிசை, 2002இல் 3.141592 ஆகவும், 2008இல் 3.1415926 ஆகவும், 2014இல் 3.14159265 ஆகவும், 2021இல் 3.141592653 ஆகவும் நீண்டது. பிழை முறைப்பாடுகளைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே கனூத் எடுத்து நோக்குகிறார்; அடுத்த தவணையாக அவர் குறித்திருப்பது 2029. தம் மறைவுக்குப் பின் பதிப்பெண் பை என்றே ஆகிவிடவேண்டும், அதன்பின் எஞ்சும் பிழைகளும் நிரலின் இயல்புகளாகவே கொள்ளப்படவேண்டும் என்பது அவர் விருப்பம். ஆகவே, இங்கே பதிப்பெண் என்பது ஏறும் படியன்று; ஓர் எல்லையை மேலும் மேலும் அணுகும் கோடு. அடுத்தடுத்த பதிப்புக்களுக்கு இடையேயுள்ள வேறுபாடு குறைந்துகொண்டே வருவதுதான் அதன் வளர்ச்சி.

இனி ரஸ்டின் கதைக்கு வருவோம். 2006ஆம் ஆண்டளவில், கனடாவின் வான்கூவர் நகரில் மாடிக் குடியிருப்பொன்றின் 21ஆம் தளத்தில் வசித்தவர் கிரேடன் ஹோர் என்னும் நிரலாளர். அக்கட்டடத்தின் மின்தூக்கி அடிக்கடி செயலிழந்தது. காரணம் அதனை இயக்கிய மென்பொருளின் கோளாறு. படிகளில் ஏறிச் சென்ற அவர், மின்தூக்கி ஒன்றைக்கூட ஒழுங்காக இயக்க நம் நிரல்களால் முடியவில்லையே என்று சிந்தித்தார். கணினியின் நினைவகத்தைக் கையாள்வதில் நிரலாளர் விடும் தவறுகளே இத்தகைய பல கோளாறுகளுக்கு வேர். 2019இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, அதன் மென்பொருள்களிற் காணப்பட்டுத் திருத்தப்பட்ட பாதுகாப்புக் குறைபாடுகளில் 100க்கு 70 அளவானவை நினைவகத் தவறுகளால் விளைந்தவை. அத்தகைய தவறு நிகழும் முன்பே, நிரலை மொழிமாற்றும் வேளையிலேயே, அதனைக் கண்டு தடுக்கும் மொழியொன்றை ஹோர் ஆக்கத் தொடங்கினார்.

ரஸ்ட் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் துரு என்பது பொருள். ஆனால் அவர் கருதியது இரும்பிற் பிடிக்கும் துருவை அன்று. பயிர்களைப் பற்றும் இலைத்துருப் பங்கசு வகையை. 1869இல் இலங்கையிற் காணப்பட்டு, இந்நாட்டுக் கோப்பிச் செய்கையையே அழித்தொழித்த நோய் இவ்வகைப் பங்கசினால் வந்ததே. எவ்விடரிலும் பிழைத்து நிற்கும் அதன் ஆற்றலை எண்ணி அவர் அப்பெயரைச் சூட்டினார்.

2009இல் மொசில்லா நிறுவனம் இப்பணிக்கு ஆதரவளிக்கத் தொடங்கியது. 2012 சனவரியில் 0.1 என்னும் பதிப்பு வெளிவந்தது. அதிலிருந்து 2015 வரையுள்ள காலம் ஓயாத மாற்றத்தின் காலம். இன்று எழுதிய நிரல் அடுத்த பதிப்பில் இயங்குமென்ற உறுதி அப்போது எவருக்கும் இல்லை. மொழியின் முக்கியக் கூறுகள் சில சேர்க்கப்பட்டுப் பின்னர் அடியோடு நீக்கப்பட்டன. 1.0 வெளிவந்த அன்று நிகழ்ந்த பெரிய மாற்றம் மொழியில் அன்று, வாக்குறுதியில். இப்பதிப்பில் இயங்கும் நிரல் இனிவரும் 1 என்ற வரிசைப் பதிப்புக்களிலும் இயங்கும் என்று அன்று உறுதி கூறப்பட்டது. 2021 பெப்ரவரியில் இதற்கெனத் தனி அறநிதியம் ஒன்று நிறுவப்பட்டதால், தனியொரு நிறுவனத்தை மட்டும் நம்பியிருக்கும் நிலையும் நீங்கியது.

ஆறு கிழமைக்கு ஒரு பதிப்பு என்னும் முறையைப் புகையிரத முறை என்று அவர்கள் அழைக்கின்றனர். பெயருக்கேற்ற முறையே அது. புகையிரதம் குறித்த நேரத்திற் புறப்படும். ஒரு பயணிக்காகக் காத்து நிற்காது. பிந்தியவர் அடுத்த வண்டியிற் செல்லலாம். இங்கே பயணிகள் என்பன புதிய வசதிகள். ஒரு வசதி முதலில் நாள்தோறும் உருவாகும் ஆய்வுப் பதிப்பில் இடம்பெறும். பின்னர் ஆறு கிழமை பரீட்சைப் பதிப்பில் இருந்து, அதன் பின்பே நிலையான பதிப்பை வந்தடையும். முற்றுப்பெறாத வசதி எத்துணைச் சிறந்ததாயினும் ஆய்வுப் பதிப்போடு நின்றுவிடும். ஒரு பணி முடியுமென்று காத்திருக்கும் நேரத்தில் கணினி வேறு பணிகளைக் கவனிக்க உதவும் ஏசின்க் என்னும் வசதி இதற்குச் சான்று. 2018இலேயே பலரும் அதனை எதிர்பார்த்தனர். அது முற்றுப்பெறவில்லை. வண்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுச் சென்றன. ஈற்றில் 2019 நவம்பரில் வெளிவந்த 1.39 என்னும் பதிப்பிலேயே அது ஏறியது. அதற்காக எப்பதிப்பும் பிந்தவில்லை. அதனை அரைகுறையாக வெளியிடவேண்டிய நெருக்கடியும் எழவில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். புதிய வசதிக்குப் புதிய சொல் வேண்டும். அச்சொல்லையே தம் நிரலில் வேறு பொருளுக்கு ஏற்கனவே பெயராக வைத்தவர் என் செய்வார்? பழையது கெடாது என்ற வாக்குறுதி அப்போது என்னாகும்? இதற்கு ரஸ்ட் கண்ட வழி, மொழிக்கு ஆண்டு முத்திரை இடுவது. 2015, 2018, 2021, 2024 என நான்கு முத்திரைகள் இதுவரை உள்ளன. 2018 முத்திரை பெற்ற நிரலில் ஏசின்க் என்பது மொழிக்கே உரிய சொல்; 2015 முத்திரை பெற்ற நிரலில் அது எவரும் வைத்துக்கொள்ளக்கூடிய சாதாரணப் பெயர். ஒரே மொழிமாற்றி இரண்டையும் ஏற்கும். இரண்டையும் ஒன்றிணைத்து இயக்கவும் செய்யும். பாட்டனார் வழக்கும் பேரன் வழக்கும் ஒரே வீட்டிற் பிணக்கின்றி வாழ்வது போன்றது இது.

நேயர்களே, இப்பொழுது இரண்டையும் ஒப்புநோக்குவோம். டெக் நின்றுவிட்டது; ரஸ்ட் நில்லாது செல்கிறது. ஆயினும் இரண்டும் தம்மைப் பயன்படுத்துவோருக்குக் கொடுக்கும் வாக்கு ஏறத்தாழ ஒன்றே. உன் பழைய உழைப்பு வீண்போகாது என்பதே அது. டெக் அதனை மாறாமையாற் காக்கிறது. ரஸ்ட் ஒழுங்குபட்ட மாற்றத்தாற் காக்க முயல்கிறது.

வாக்கை வாய்ச்சொல்லோடு விடாமற் பரீட்சித்துப் பார்ப்பதிலும் இரண்டும் ஒத்தவை. டெக் நிரலை வேறொரு கணினியில் அமைப்பவர், ட்ரிப் என்று பெயரிய கடுமையான சோதனையில் அதனைத் தேற்றவேண்டும். எந்தப் பயனரும் கனவிலும் எழுதமாட்டாத சிக்கலான கட்டளைகளை அச்சோதனைக்கென்றே கனூத் கோத்து வைத்தார். அதில் தேறிய நிரலே டெக் என்னும் பெயரைத் தாங்கலாம். ரஸ்டுக்கோ கிரேட்டர் என்றொரு சோதனை உண்டு. உலகெங்கும் நிரலாளர் பொதுவில் வெளியிட்ட ரஸ்ட் நிரல்களைப் பெருந்தொகையாகத் திரட்டி, பழைய மொழிமாற்றியாலும் புதியதாலும் மாற்றிப் பார்த்து, முன்பு இயங்கியது எதுவும் இப்போது முறிகிறதா என்று கண்டறிவதே அது. ஒன்று, ஆக்கியோன் அறிவில் எழுந்த சோதனை. மற்றது, பயனர் உலகத்தையே சோதனைச் சாலையாக்கியது.

இரு வழிகளுக்கும் அவற்றுக்குரிய விலை உண்டு. டெக் உறைந்து நின்றதால், உலக மொழிகளின் எழுத்துக்கள் அனைத்துக்கும் எண் வகுத்த ஒருங்குறி முறையை அது உள்ளபடி ஏற்பதில்லை. அவ்வாற்றலை வேண்டியோர் வேறு பெயரில் வேறு நிரல் ஆக்கவேண்டியதாயிற்று. 2004இல் ஜொனதன் கியூ வெளியிட்ட சீடெக் அவற்றுள் ஒன்று. ஒருங்குறியில் எழுதிய தமிழை நேரே ஏற்று அச்சுக்கு ஒழுங்கு செய்ய அதனால் இயலும். டெக்கின் நிரலை எவரும் எடுத்து ஆளலாம்; மாற்றினால் பெயரையும் மாற்றவேண்டும் என்பது கனூத் இட்ட நிபந்தனை. ஆகவே வளர்ச்சி நின்றுவிடவில்லை. தாய்வீட்டை விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் பெயர்ந்தது. ஆனால் எந்தப் பிள்ளையை நம்புவது என்று தெரிவு செய்யும் பொறுப்பு பயனர் தலையில் விழுந்தது.

ரஸ்டின் விலை வேறு வகையானது. புதிய நிலைப்பதிப்பு வந்ததும் முன்னைய பதிப்புக்குத் திருத்தம் வெளியிடும் வழக்கம் அங்கே இல்லை. பயன்படுத்துவோரும் உடன் நடந்துகொண்டே இருக்கவேண்டும். நடக்கும்போது சில வேளை காலிடறுவதும் உண்டு. 2024 சூலையில் வெளிவந்த 1.80 என்னும் பதிப்பு, நேரத்தையும் திகதியையும் கணக்கிடப் பலரும் பயன்படுத்திவந்த ஒரு துணை நிரலின் பழைய பதிப்புக்களை மொழிமாற்ற மறுத்தது. மொழியின் பொது நூலகத்திற் சேர்க்கப்பட்ட சிறியதொரு வசதியே அதற்குக் காரணம். துணை நிரலின் புதுப் பதிப்பை எடுத்துக்கொண்டோருக்கு இடர் உடனே தீர்ந்தது. எழுதி முடித்ததைத் தொடாமல் வைத்திருந்தோரோ, தாம் எதுவும் செய்யாமலே தம் நிரல் இயங்காது போனதைக் கண்டு திகைத்தனர். இத்தகைய மாற்றம் விதிப்படி அனுமதிக்கப்பட்டதே என்று விளக்கம் கூறலாம். ஆயினும் விதி வேறு, பயனரின் நம்பிக்கை வேறு என்பதை அந்நிகழ்ச்சி யாவருக்கும் நினைவூட்டியது.

அப்படியானால் எவ்வழி சிறந்தது? இக்கேள்விக்கு விடை கருவியிலில்லை. அது ஆற்றும் பணியில் இருக்கிறது. அச்சுப் பக்கத்தின் இலக்கணம் ஆண்டுக்காண்டு மாறுவதில்லை. நல்ல வரி எது, நல்ல இடைவெளி எது என்று ஒருமுறை கண்டபின், அதனை மாற்றாதிருப்பதே பண்பு. 1990களில் டெக் வழியில் எழுதப்பட்ட ஆய்வுரையை இன்று அந்நிரலிடம் கொடுத்தால், அதே வரிமுறிவுடன் அதே பக்கம் வரவேண்டும் என்று எதிர்பார்க்க உரிமை உண்டு. நிரல் எழுதும் மொழியின் நிலை அவ்வாறன்று. கணினிகள் மாறுகின்றன, அவற்றைத் தாக்குவோரின் சூழ்ச்சிகளும் மாறுகின்றன. அங்கே நின்றுவிடுவது பாதுகாப்பாகாது.

ஆதலால், அலுவலகத்துக்கோ பாடசாலைக்கோ தம் சொந்த உழைப்புக்கோ ஒரு மென்பொருளைத் தெரிவு செய்ய வேண்டியவர், அதன் கடைசிப் பதிப்பு எப்போது வந்தது என்ற ஒரு கேள்வியோடு நின்றுவிடலாகாது. மூன்று கேள்விகளை அவர் கேட்கவேண்டும். இதன் பதிப்பெண் எதை வாக்களிக்கிறது? அவ்வாக்கை எந்தச் சோதனையாற் காக்கிறார்கள்? வாக்குத் தவறினால் இடரைச் சுமப்பவர் யார்? இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை தருவது, ஆறு கிழமைக்கு ஒருமுறை வெளிவந்தாலும் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வெளிவந்தாலும் நம்பத்தக்க கருவியே. விடை தர இயலாதது, நாள்தோறும் புதுப் பதிப்பு வந்தாலும் நம் உழைப்பை ஒப்படைக்கத் தக்கதன்று.

பதிப்புக்களை எண்ணுவது எளிது. எண்ணுவதற்குக் கணினியே போதும். அப்பதிப்புக்கள் எதற்காக வருகின்றன, எதற்காக வராதிருக்கின்றன என்று வினவி அறிவது பயன்படுத்துவோராகிய நம் கடமை. அவ்வாறு வினவுவோமாயின், நேற்று எழுதியதை நாளையும் திறந்து படிக்கும் உறுதி நமக்கு உண்டாகும்.